ஆன்மாக் கணக்கில் அண்ணா தேடிய பிள்ளை

அண்ணா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சிட வேண்டும், அதில் நீதான் எழுத வேண்டும் என்று அண்ணாவின் மனைவி, என் மச்சாள், கேட்டுக்கொண்டார். கூடவே "நல்லதை மட்டும் எழுது" என்று ஒரு கட்டளையும் வந்தது. அண்ணாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் எழுந்து நின்று மறுப்புச் சொல்லக்கூடிய முதல் ஆள் அண்ணாதான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மச்சாள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணா மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. ஐயா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அண்ணாவுக்குப் பதினான்கு வயது. எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு வலையைத் தூக்கினார். பிறகு கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். எண்பதுகளின் நடுவில், யாரோ சொன்ன பேச்சை நம்பி இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து இறங்கினார். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரே அறையில் ஏழு பேரோடு படுத்து எழும்பியபடி, பணக்காரர் வாழும் லிபெர்த்தா வீதியில் பெரிய வீடுகளின் மாடிப்படிகளைக் கழுவினார். பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, கையில் கிடைத்ததும் மச்சாளையும் பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டார், அடுத்ததாக என்னைக் கூப்பிட்டார். ஒரேத்தோ வீதியில் இரண்டு அறை வீடு ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். எனக்கு லிபெர்த்தாவில் வயதான ஓர் இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, பராமரிக்கும் வேலை கிடைத்தது.

அண்ணா பிடிவாதக்காரர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்லுகிற ரகம். அதோடு ஒரு பெருமையும் அவரிடம் இருந்தது. எங்கள் ஐயாவின் பாட்டனார், அதாவது எங்கள் பூட்டனார் மனுவேல், அந்தோனி மூப்பரின் மகன். கிராமத்தின் சார்பில் கோயில் காரியங்களைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவரை மூப்பர் என்போம். எங்கள் ஊர்க் கோயில் எழும்பியதே அந்தோனி மூப்பரின் காலத்தில்தான். அதனால் பெருநாளன்று புனிதரின் சொரூபத்தை ஊர்வலமாகத் தூக்கும்போது, சொரூபம் வைக்கும் சப்பரமான கூட்டின் வலப்பக்க முன்கொம்பை எங்கள் குடும்பத்தில் மூத்த ஆண் பிடிப்பது வழக்கம். பலெர்மோவில் எங்கள் சனம் இரவல் கோயிலில் அந்தப் பெருநாளைக் கொண்டாடத் தொடங்கியபோது, இந்த வழக்கமும் கூடவே கப்பலேறி வந்துவிட்டது. வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் மற்றவர்களின் படிக்கட்டைக் கழுவிய அண்ணா, மிச்சம் ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டி முன்கொம்பைத் தோளில் வைத்து வீதியில் நடந்தார். அன்றைக்கு அவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்குச் சம்பந்தம் பேசி வந்தவர், இப்போது என் கணவர், ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் ஒரு பீட்சாக் கடை அடுக்களையில் வேலை செய்தார். அவரும் மன்னார்ப் பகுதிதான், ஆனால் வேறு ஊர். எங்களை வந்து பார்த்தார், எனக்குப் பிடித்தது. அண்ணாவுக்கும் பிடித்தது, ஆனால் ஒரு மாதம்வரை அதைக் காட்டிக்கொள்ளவில்லை. தமிழ்த் திருப்பலியில் எங்கள் கல்யாண ஓலையை, மூன்று முறை வாசிக்கிற அறிவிப்பை, முதல் முறை வாசித்தார்கள். வழக்கம்போல, தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று குருவானவர் சொன்னார். பூசை முடிந்ததும் சந்தியாப்பிள்ளை மாமா நேரே அவரிடம் போனார்.

சந்தியாப்பிள்ளை மாமா எங்கள் ஊர்க்காரர், எங்கள் எல்லோரிலும் வயதில் மூத்தவர். யார் யாருக்கு என்ன முறை என்பதை விரல் நுனியில் வைத்திருப்பார். அவர் கெட்ட மனிதர் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"ஃபாதர், இந்தக் கலியாணம் செய்யேலாது," என்றார். "அந்தோனி மூப்பருக்கு ரண்டு பெடியள். மூத்தவன் சூசை, இளையவன் மனுவேல். சூசை பொம்பிளை எடுத்த ஊரிலையே போய் இருந்திட்டான். இந்த மாப்பிளை அந்தச் சூசையின்ரை வழி. பொம்பிளை மனுவேலின்ரை வழி. ரண்டு பேரும் அண்ணன் தங்கச்சி முறை."

அவ்வளவு தள்ளிய உறவைத் திருச்சபை தடுக்காது என்று குருவானவர் சொல்லிப் பார்த்தார்.

"சேர்ச்சின்ரை சட்டம் வேற, எங்கட முறை வேற. சகோதரத்துக்குள்ளை கலியாணம் செய்து வைச்சிட்டு நாங்கள் எப்பிடி ஊர் முகத்திலை முழிக்கிறது?"

அதோடு எல்லாம் நின்றது. ஊரிலிருந்த மாப்பிள்ளையின் தாயாருக்குச் செய்தி எட்டியதும், முறை சரியென்று தெரியாமல் தாலி கட்டக் கூடாது என்று எழுதிவிட்டார். நான் அழுதேன். அண்ணா அழவில்லை, கோபப்பட்டார்.

"கரையிலை சூசை எண்ட பேர் இல்லாத ஊர் எது? மூப்பருக்குச் சூசை எண்டு ஒரு மகன் இருந்தவன் எண்டதுக்கு என்ன அத்தாட்சி? மாமா வாயாலை சொன்னாப் போதுமோ?" என்று கேட்டார். "நான் தேடி எடுக்கிறன், பிள்ளை. நீ பேசாமல் இரு."

எங்கே தேடுவது? சண்டையில் எங்கள் ஊரே இடம்பெயர்ந்திருந்தது. கோயிலின் பழைய புத்தகங்கள் இருந்த பெட்டி என்ன ஆனதென்று தெரியாது என்று, கொழும்பு வழியாக மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அண்ணா அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அப்போது அவர் மாடிப்படிகளோடு சேர்த்து, பழைய துறவிகள் மடம் ஒன்றையும் வாரத்தில் இரண்டு நாள் துப்புரவு செய்து வந்தார். அங்கே நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த முதிய குரு, நாங்கள் பாத்ரே என்று கூப்பிடுகிறவர், ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார். அண்ணா தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கதையைச் சொன்னார். உன் ஊர்க் கோயில் எந்தப் புனிதருடையது என்று பாத்ரே கேட்டார். பெயரைச் சொன்னதும் அவர் அண்ணாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஓர் அலுமாரிக்கு முன்னால் நிறுத்தினார்.

அந்த மடத்திலிருந்து முற்காலத்தில் எங்கள் கரைக்குச் சென்ற மிஷன் குரு ஒருவர், ஊர் ஊராகப் போய் வருடாவருடம் குடிசனக் கணக்கு எடுத்திருக்கிறார். எந்த வீட்டில் யார் யார், என்ன வயது, பாவசங்கீர்த்தனம் செய்தார்களா என்று எல்லாம் அதில் இருக்கும். அதற்கு ஆன்மாக் கணக்கு என்று பெயர். அதன் பிரதிகள் அவருடைய பெட்டியோடு பலெர்மோவுக்குத் திரும்பி வந்து நூறு வருடத்துக்கு மேலாக அந்த அலுமாரியில் கிடந்தன. ஐந்து வருடமாக அந்த அலுமாரிக்குத் தூசு தட்டியவர் எங்கள் அண்ணா! அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டு வேலைக்காரர்களான எங்களுக்கு வியாழக்கிழமைப் பின்னேரம் ஓய்வு. அந்த ஓய்வு முழுவதையும் அண்ணா ஒன்றரை வருடம் அந்த மடத்துக்குக் கொடுத்தார். பாத்ரேக்குக் கண் மங்கல், அண்ணாவுக்கு லத்தீன் தெரியாது. அண்ணா ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பார், பாத்ரே பொருள் சொல்வார். நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுகள், வருட ஒழுங்கும் இல்லை, ஊர் ஒழுங்கும் இல்லை. சிலவற்றைப் பூச்சி முந்திக்கொண்டு வாசித்துவிட்டது. "எட்டாம் வகுப்புப் பெயிலுக்கு ஆராய்ச்சி கேக்குது" என்று அண்ணாவின் கூட்டாளிகள் பகிடி பண்ணினார்கள். "பெயில் இல்லை, நிப்பாட்டினது" என்று திருத்திவிட்டு மறுபடியும் வியாழன் போவார்.

மாதக்கணக்கில் மூப்பர் என்ற சொல்லைத் தேடினார். அகப்படவில்லை, அந்தோனி என்ற பெயரோ வீட்டுக்கு வீடு. பிறகுதான் யோசனை வந்தது. மிஷன் குரு கோயில் வாசலில் இறங்கி, வீடு வீடாக நடந்துதானே எழுதியிருப்பார்? அண்ணா ஒரு தாளில் எங்கள் ஊரை வரைந்தார். கோயில், கிணறு, உப்புக் கொட்டில், கடற்கரைக்கு இறங்கும் பாதை. மூப்பரின் வளவு கோயிலிலிருந்து கிழக்கே மூன்றாவது. அது எங்கள் காலத்திலும் அங்கேதான் இருந்தது. கணக்கில் மூன்றாம் வீட்டைப் பார்த்தார். அந்தோனி, வயது முப்பத்தொன்று. மனைவி. அதற்குக் கீழே சூசை, வயது ஆறு. அதற்கும் கீழே மனுவேல், வயது நான்கு.

அன்று அவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"மாமா சொன்னது சரி, பிள்ளை. ரண்டு பேரும் ஒரு வீட்டிலை இருக்கினம். என்னை மன்னிச்சுக்கொள்."

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மாப்பிள்ளைக்குப் போன் எடுத்து, இனி வர வேண்டாம் என்று சொன்னேன்.

அடுத்த வியாழன், பாத்ரேக்கு நன்றி சொல்லிவிட்டு வருவோம் என்றுதான் அண்ணா போனார். முந்திய வருடக் கணக்கைப் பார்த்தாயா என்று பாத்ரே கேட்டார். எதற்கு, பிள்ளைகள் இருவரும் இந்த வீட்டில் இருக்கிறார்களே என்றார் அண்ணா. ஒரே அடுப்பில் சாப்பிட்டால் அண்ணன் தம்பி என்பது எங்கள் கணக்கு. அண்ணாவும் அதையேதான் போட்டார். பாத்ரேயின் கணக்கு வேறு. இந்த வருடம் நான்கு வயதான பிள்ளைக்குப் போன வருடம் மூன்று வயது இருக்க வேண்டும், போய்ப் பார் என்றார்.

போன வருடத்துக் கட்டில் அந்தோனி, மனைவி, சூசை ஐந்து வயது. அவ்வளவுதான். அதற்கு முந்திய வருடத்தில் சூசைக்கு நான்கு வயது. மனுவேலைக் காணவில்லை. அடுத்த வீட்டில் இல்லை, ஊர் முழுவதிலும் இல்லை. மூன்று வயதும் இரண்டு வயதும் இல்லாமல் ஒரு பிள்ளைக்கு நேரே நான்கு வயது வந்திருக்கிறது.

விடை மனுவேல் முதலில் தோன்றிய வருடக் கட்டின் கடைசித் தாளில் இருந்தது. மிஷன் குரு தன் குறிப்புக்காக நான்கு வரி எழுதி வைத்திருந்தார். முத்துக்குளிப்புக்கு வந்த வள்ளங்களில் பேதிநோய் பரவிப் பலர் இறந்தார்கள். கரையில் ஓர் ஆண்பிள்ளை தனியே இருந்தது, வயது ஏறத்தாழ நான்கு. தாய் தகப்பன் பெயர், ஊர், எதுவும் அதற்குச் சொல்லத் தெரியவில்லை. மனுவேல் என்று ஞானஸ்நானம் கொடுத்தேன், அந்தோனியும் மனைவியும் ஞானத்தாய் தகப்பனாக நின்று தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அண்ணா அந்தத் தாளின் போட்டோப் பிரதியோடு வந்து, அடுக்களையில் என்னையும் மச்சாளையும் இருத்தி வாசித்துக் காட்டினார்.

"சூசையும் மனுவேலும் ஒரு ரத்தம் இல்லை. நீ கலியாணம் செய்யலாம்," என்றார். பிறகு, "நாங்கள்தான் மூப்பர் வீட்டு ஆக்கள் இல்லை," என்றார்.

மச்சாள்தான் முதலில் வாய் திறந்தார். "இதை வெளியிலை சொல்லப் போறியளோ? உங்கட பூட்டன் என்ன ஆக்களெண்டு ஆருக்குத் தெரியும்? நாளைக்கு எங்கட பெடியளுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

அது நியாயமான கேள்வி. எங்கள் சனத்தில் சாதி கேட்கும் "என்ன ஆக்கள்" என்ற இரண்டு சொல் எத்தனை கதவைச் சாத்தியிருக்கிறது என்று இந்த மலரை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். யாரும் தெரியாத மாதிரி இருக்க வேண்டாம்.

அப்போது நான் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். இதை என் கணவர் இன்றைக்குத்தான் முதன்முதலாக வாசிக்கிறார். நான் சொன்னேன்: "அண்ணா, இஞ்சை ஆருக்கு லத்தீன் தெரியும்? வந்த பிள்ளை சூசைதான் எண்டு சொல்லுங்கோவன். அவையின்ரை பூட்டன்தான் கரையிலை கிடந்தவர் எண்டு சொல்லுங்கோ. கலியாணமும் நடக்கும், எங்கட பேரும் நிக்கும்."

அண்ணா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"நாலு வயசுப் பிள்ளை, பிள்ளை," என்றார். "தாய் தேப்பனையும் இழந்து, ஊரையும் இழந்து வந்தவன். நூற்றிமுப்பது வருஷமா அவனை ஒருத்தரும் தேடேல்லை. இப்ப நான் கண்டுபிடிச்சுப் போட்டு, நானே திரும்பக் கொண்டுபோய்க் கடலுக்குள்ளை விடச் சொல்லுறியோ?"

நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த தமிழ்த் திருப்பலி முடிந்ததும், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அண்ணா அந்தத் தாளை வாசித்தார். முதலில் லத்தீனில், பிறகு தமிழில். மூன்று வருடக் கணக்குப் பிரதிகளையும் சந்தியாப்பிள்ளை மாமாவின் கையில் கொடுத்தார். மாமா கண்ணாடியைப் போட்டு, வீடு வீடாக விரல் வைத்துப் பார்த்தார். நானும் என் கணவரும் எதிரெதிர்ச் சுவரோரம் நின்றோம்.

"அப்ப தம்பி," என்று மாமா கேட்டார், "உங்கட பூட்டன் என்ன ஆக்கள்?"

"தெரியாது, மாமா. நானும் ஒன்றரை வருஷம் தேடினன். அது மட்டும் எழுதியில்லை."

"வளத்தாலும் சகோதரம்தானே எண்டு கேட்டால்?"

"கேளுங்கோ. ஆனால் முறை பாக்கிறதெண்டு நீங்கள் சொன்னது ரத்தத்தை. ரத்தம் இல்லையெண்டு நான் காட்டிப் போட்டன். இனி மறிக்கிறதெண்டால், உந்தப் பிள்ளை ஆரெண்டு தெரியாததுக்காகத்தான் மறிக்கிறியள். அதை இந்தச் சனத்துக்கு முன்னாலை வாய் திறந்து சொல்லுங்கோ."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ஃபாதரிட்டைச் சொல்லுங்கோ, மற்ற ஓலையளை வாசிக்கட்டும்," என்றார். எங்கள் கல்யாணத்துக்கு வந்து, முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டவரும் அவர்தான்.

எல்லோரும் அப்படி இல்லை. இரண்டு குடும்பங்கள் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தின. யார் என்று எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும். மச்சாளும் மூன்று மாதம் அண்ணாவோடு அளவாகத்தான் கதைத்தார். அண்ணா ஒன்றுக்கும் அசையவில்லை. அந்த வருடப் பெருநாளில், கூட்டைத் தூக்கும் நேரத்தில் எல்லோரும் வழக்கம்போல அண்ணாவுக்காக வலப்பக்க முன்கொம்பை விட்டு ஒதுங்கி நின்றார்கள். அண்ணா என் கணவரைக் கூப்பிட்டார். "மூப்பரின்ரை ரத்தம் நீர்தான். பிடியும்," என்று கொம்பை அவர் தோளில் வைத்தார். தான் பின்னால் போய், சின்னப் பிள்ளைகளைப் பாதையில் இறங்காமல் மறித்தபடி நடந்தார். நான் ஊர்வலம் முடியும்வரை அழுதேன். அண்ணாவிடம் பிறகு கேட்டேன், மனம் நோகவில்லையா என்று. "நொந்தது. ஏன் நோகாமல்?" என்றார்.

அவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்தது அதற்கு அடுத்த மாரியில். அப்போதும் வியாழன்களில் பாத்ரேயிடம் போனார். எதிர்க்கரையான இந்தியாவிலிருந்து முத்துக்குளிப்புக்கு வந்தவர்களின் கணக்கு வேறெங்காவது இருக்குமா என்று தேடுவதற்குத்தான். பாத்ரே கடிதம் எழுதிக் கொடுத்தார், அண்ணா தபாலில் போட்டார். சிலவற்றுக்குப் பதில் வந்தது, எதிலும் பெயர் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "கிடைக்கேல்லை எண்டதும் ஒரு பதில்தான், ஆனால் கடைசிப் பதில் இல்லை. நீ விடாதை" என்று என்னிடம் பொறுப்புக் கொடுத்தார். நான் விடவில்லை. இரண்டு கடிதங்கள் இப்போதும் வழியில் இருக்கின்றன.

அண்ணாவின் நோய்க்காலத்தில் கட்டிலருகே முறை வைத்து இருந்த உறவுகளுக்கும், வேலை நேரத்தை மாற்றித் தந்த என் சிஞ்ஞோராவுக்கும், நடுங்கும் காலோடு அடக்கத்துக்கு வந்து லத்தீனில் மன்றாடிய பாத்ரேக்கும், பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கிய சந்தியாப்பிள்ளை மாமாவின் மகன்மாருக்கும், தூக்க முடியாத வயதிலும் பெட்டியில் கை வைத்து நடந்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. மச்சாளுக்கு நான் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த பக்கத்தில் எங்கள் வம்சாவளி அச்சாகியிருக்கிறது. அந்தோனி மூப்பரின் பெயரை உச்சியில் போடலாமே, வளர்த்தவர்தானே என்று சிலர் அன்போடு சொன்னார்கள். மூப்பரையும் அவர் மனைவியையும் மனுவேலுக்குப் பக்கத்தில், வளர்த்தவர்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறோம். உச்சியில் இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அச்சுக்கூடத்தின் பிழை அல்ல, அண்ணாவின் சொல். அந்த இரண்டு பேரும் யாரோ, எந்த ஊரோ, என்ன ஆக்களோ, எங்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையை நான்கு வயதுவரை பசியிலும் நோயிலும் சாக விடாமல் கொண்டுவந்து சேர்த்ததற்காக, அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.